முப்பத்தைந்தில் ஒரு விஜயந்தா

நிஜப் பொருளின் ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் வகுத்துச் செய்யப்படுவது அளவு மாதிரி. ராணுவ வண்டிகளுக்கு உலகெங்கும் அதிகம் புழங்கும் எண் 35. இதற்குப் பின்னால் பெரிய கணிதம் ஏதும் கிடையாது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் ஜெர்மன் பாந்தர் டாங்கி மாதிரியைக் கொண்டுவந்தது. உள்ளே இரண்டு பேட்டரி அடங்க வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. பின்னர் அளந்து பார்த்தபோது நிஜ டாங்கியில் ஏறக்குறைய 35இல் ஒரு பங்கு என்று தெரிந்தது. அடுத்தடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்ய, எண் நிலைத்துவிட்டது.

நமக்குப் பக்கத்திலுள்ள எடுத்துக்காட்டு விஜயந்தா டாங்கி. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பைக் கொண்டு ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் தயாரானது. 1997இல் மாவட்டம் பிரியும்வரை ஆவடிக்கும் காஞ்சிபுரம்தான் மாவட்டத் தலைநகர். காஞ்சிப் பட்டும் ஆவடி டாங்கியும் ஒரே ஆட்சியரின் எல்லைக்குள் இருந்தன. பீரங்கிக் குழல் முன்னே நீட்டியிருக்க, விஜயந்தாவின் நீளம் சுமார் 9.8 மீட்டர், அகலம் 3.17 மீட்டர். 35ஆல் வகுத்தால் 28 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். 105 மில்லிமீட்டர் குழல்வாய் மிகச் சரியாக 3 மில்லிமீட்டர் ஆகிறது.

எடையில்தான் கணக்கு வேறு வழியில் போகிறது. நீளம் 35 மடங்கு குறைந்தால் பரப்பு 1,225 மடங்கும், கன அளவு 42,875 மடங்கும் குறையும். கலிலியோ 1638இல் எழுதிவைத்த விதி இது. 39 டன் விஜயந்தாவை அதே உலோகங்களில் அச்சு அசலாகச் சுருக்கினால் 910 கிராம்தான் இருக்கும். பிளாஸ்டிக் மாதிரி அதிலும் பாதிகூட வராது. உலோகத்தில் செய்தாலும் தரையின்மீது அதன் அழுத்தம் நிஜத்தில் 35இல் ஒரு பங்கே. அதனால் மாதிரி டாங்கி சேற்றில் தானாகப் புதையாது, சங்கிலிப் பட்டையும் தன் பாரத்தால் தொய்யாது. இரண்டையும் கைவேலையால் பொய்யாக உண்டாக்க வேண்டும். பட்டையை அங்கங்கே உருளைகளோடு ஒட்டி இழுத்துத் தொய்வு காட்டுகிறார்கள். பட்டைத் தடத்தைக் களிமண்ணில் முன்கூட்டியே பதித்துவிடுகிறார்கள்.

தகட்டின் தடிமனிலும் இப்படிச் சிக்கல் உண்டு. 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு மாதிரியில் 0.09 மில்லிமீட்டர் ஆக வேண்டும். அச்சில் வார்க்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அவ்வளவு மெலிதாக எடுக்க முடியாது. வழக்கமாக வரும் 1 மில்லிமீட்டர் விளிம்பு, நிஜத்தில் 35 மில்லிமீட்டர் கனமுள்ள மட்கார்டுக்குச் சமம். கண்ணை உறுத்தும் இடங்களில் பிளாஸ்டிக்கை வெட்டியெறிந்துவிட்டு, அமிலத்தில் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகட்டை வைப்பது அதனால்தான். ஆன்டெனாவுக்குச் செலவில்லாத வழி இருக்கிறது: பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு கையாலும் இழுத்தால் தலைமுடி கனத்தில் இழை கிடைக்கும்.

இழுவை வடத்துக்கு நூல் வேண்டும். ஓர் அங்குல எஃகு வடம் இந்த அளவில் 0.7 மில்லிமீட்டர். பருத்தி நூலை முறுக்கி வைத்தால் பிசிறு காட்டிக்கொடுத்துவிடும். 2 மில்லிமீட்டர் பிசிறு என்றால் நிஜ வடத்தில் 7 சென்டிமீட்டர் மயிர் முளைத்ததுபோல. பருத்தி குட்டை இழைகளைச் சேர்த்துத் திரித்தது. பட்டோ கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் அறாமல் வரும் இழை. எனவே காஞ்சிபுரத் தறியில் மிஞ்சும் பட்டு நூலை மூன்று நான்கு புரியாக முறுக்கிச் சாம்பல் வண்ணம் தோய்த்தால், கடையில் விற்கும் எதற்கும் அது குறைந்ததல்ல.

வண்ணத்தைச் சற்று வெளுப்பாக அடிப்பது மரபு. இடையிலுள்ள காற்று நிறத்தை மங்கவைப்பதே காரணம் என்பார்கள். ஆனால் மாதிரியை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பார்ப்பது நிஜ டாங்கியைப் பத்தரை மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். பத்து மீட்டர் காற்று எதையும் பெரிதாக மங்கவைக்காது. வெயிலில் நிற்கும் வண்டிக்கான நிறம், அதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைந்த அறை வெளிச்சத்தில் இருண்டு தெரிகிறது என்பதே பொருத்தமான விளக்கம். அடர் வண்ணத்தை நீர்க்கக் கரைத்துத் தொட்டால், அகல் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழை விசையால் இடுக்குகளில் தானே ஓடி நிழல் தரும்.

வரைபடமே இல்லாத காலத்துப் போர்க்கருவிகளுக்கு அளவு எங்கே கிடைக்கும்? காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாக இருக்கிறது. யானை, குதிரை, கேடயம் எல்லாம் உண்டு. ஆனால் ஆளுக்கும் யானைக்கும் ஒரே விகிதம் இல்லை. பக்கத்துப் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று மைசூரின் ஹைதர் அலி, திப்பு படைகள் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை முறியடித்த காட்சி ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாக உள்ளது. வெடிமருந்து வண்டி வெடிப்பதுகூட அதில் வருகிறது. யார் எங்கே நின்றார்கள் என்பதற்கு அது உதவும், அளவுக்கு உதவாது. அளவு பொருளிலிருந்துதான் வர வேண்டும். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மைசூர் ராக்கெட்டுகள் எடுக்கப்பட்டன. இரும்பு உறைகள் ஏறக்குறைய கால் மீட்டர் நீளம். மாதிரியில் அது 7 மில்லிமீட்டர் நீளக் குழாய். அதோடு கட்டிய, ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட மூங்கில் கழிக்குத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கின் நுனி மூன்று சென்டிமீட்டர் போதும்.