துணியில் எழுந்த தேவாலயம்

புதிய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டு விழா என்றதும் நம் பங்குகளில் முதலில் எழுவது பந்தல். மூங்கிலாலும் துணியாலும் ஒரு முகப்பு அமைத்து, வரப்போகும் கோபுரத்தை அதில் வண்ணத்தில் தீட்டி விடுகிறோம். இது நம்மூர்ப் பந்தல்காரர்களின் கைவேலை என்று எண்ணுவோர், பாரிஸ் மாநகரின் கர்னவாலே அருங்காட்சியகத்திலுள்ள ஓர் ஓவியத்தைப் பற்றி அறிந்துகொள்வது நன்று.

ரொக்கோகோ காலத்து ஓவியர் பியேர் அந்துவான் தெமாஷி வரைந்தது அது. 1764 செப்டம்பர் 6 அன்று, பாரிஸின் பாதுகாவலியாகிய புனித ஜெனவியேவின் புதிய ஆலயத்திற்குப் பதினைந்தாம் லூயி மன்னர் கல் நாட்டிய காட்சி. வானளாவிய தூண்களுடன் முகப்பு நிமிர்ந்து நிற்கிறது. அதன் முன்னே திரண்ட மக்கள் எறும்புகளெனத் தெரிகின்றனர்.

ஆனால் அன்று அங்கே முகப்பே இல்லை! நிலவறை மட்டுமே முடிந்திருந்தது. கட்டடக் கலைஞர் சுஃப்லோவின் திட்டம் எப்படியிருக்கும் என்று மன்னருக்குக் காட்ட, மரச்சட்டங்களில் துணி போர்த்தி, முழு அளவிலேயே முகப்பை எழுதி நிறுத்தினர். எழுதியவரும் இதே தெமாஷிதான். தாம் துணியில் தீட்டிய கோவிலையே அவர் மீண்டும் ஓவியத்தில் தீட்டினார். பந்தல் பிரிக்கப்பட்டது; படம் நிலைத்தது.

மன்னர் 1744இல் மெட்ஸ் நகரில் நோயுற்றுச் சாகக் கிடந்தபோது செய்த நேர்ச்சையே இவ்வாலயம். நேர்ந்தவர் மன்னர், பணமோ பெரும்பாலும் லாட்டரிச் சீட்டின் விலையை உயர்த்தித் திரட்டப்பட்டது. இது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சுஃப்லோ 1780இல் காலமானார். 1790இல் கட்டடம் முற்றுப்பெற்றது. மறு ஆண்டே புரட்சி அரசு அதைப் பெரியோர்களின் நினைவிடமாக்கிப் பாந்தியோன் எனப் பெயரிட்டது. திருச்சபையை எள்ளி நகையாடிய வோல்த்தேரின் உடல் 1791இல் அங்கே கொண்டுவரப்பட்டது. புனிதையின் திருப்பண்டங்களோ 1793இல் எரிக்கப்பட்டன. பின்னர் ஆலயமாகவும் நினைவிடமாகவும் மாறி மாறி இருந்து, 1885 முதல் நினைவிடமாகவே நிலைத்துவிட்டது.

இனி நம் இராயபுரத்திற்கு வருவோம். இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர். ஊர்ப்பெயரும் அவரிடமிருந்தே வந்தது. துறைமுகம் தோன்றுவதற்கு முன், கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து சரக்கையும் பயணிகளையும் கரைசேர்த்தவர்கள் இப்பகுதிப் படகுக்காரர்கள். அவர்கள் பொருளீந்து எழுப்பியதே 1829இல் உருவான புனித இராயப்பர் ஆலயம். அதன் கல் நாட்டலைத் தீட்ட அரசவை ஓவியர் எவரும் வந்ததாகத் தெரியவில்லை. துறைமுகம் வந்தது, படகுத்தொழில் போயிற்று, ஆலயம் நிற்கிறது.

விழாப் பந்தலுக்கு நாம் பகைவரல்லர். ஆயினும் பழைய இலத்தீன் வழிபாட்டு முறையைப் பங்குமக்கள் சற்று நினைவுகூர வேண்டும். விழாவின் முந்தின நாள், பீடம் அமையவிருக்கும் இடத்தில் மரச்சிலுவை ஒன்று நடப்படும். மறுநாள் ஆயர் கல்லை மந்திரித்து, அதன் பக்கங்கள்தோறும் சிலுவை கீறுவார். முகப்பைப் பற்றி அச்சடங்கு கவலைப்படவில்லை. பீடம் எங்கே என்பதே முதற்கேள்வி.

பாரிஸ் செல்லும் நம் குடும்பத்தார் புனித ஜெனவியேவைத் தேடிப் பாந்தியோனுக்குள் அலைய வேண்டாம். அதன் பின்புறமுள்ள புனித எத்தியேன் து மோன் ஆலயத்திற்குச் செல்லட்டும். அவருடைய கல்லறைக் கல் அங்கேதான் உள்ளது.