கூட்டுக் கிளிக்குக் கொம்பும் விளையாட்டுப் பொருளும்

கிளிநொச்சி என்னும் ஊர்ப்பெயரிலே ஒரு பறவையும் ஒரு மரமும் சேர்ந்து நிற்கின்றன. வன்னியில் கிளிக்கு என்றுமே பஞ்சமில்லை. நெற்கதிர் முற்றும் நாளில் வயற்காரர் தகரத்தைத் தட்டிக் கிளியைத் துரத்துவார். அவர் வீட்டுப் பிள்ளைகளோ ஒரு கிளியைக் கூட்டில் வைத்துப் பேசப் பழக்கவேண்டுமென்று ஆசைப்படுவார்கள். இன்றைய பேச்சு அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் உரியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பனம் பொந்தில் கையை விட்டுக் குஞ்சை எடுத்து வந்து வளர்ப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. காட்டுப் பறவைகளைப் பற்றிய விதிகள் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திலும், பின்னர் அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களிலும் அடங்கியுள்ளன. ஐயமுள்ளவர்கள் வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் முறை. கூட்டிலேயே பிறந்து வளரும் பறவைகள் வேறு உண்டு. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லி வாங்கும் சிறு கிளி அவற்றுள் ஒன்று. அதன் உண்மைப் பெயர் பட்ஜெரிகர், பிறப்பிடம் அவுஸ்திரேலியா. பெயருக்குரிய மெய்யான "லவ் பேர்ட்" ஆபிரிக்காவைச் சேர்ந்தது. ஆயினும் கடைத்தெருவில் வழங்கும் பெயரை யார் மாற்ற முடியும்?

எந்தப் பறவையாயினும் அது வாழ்நாள் முழுவதும் காலில் நிற்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் இருக்கின்றோம், படுக்கின்றோம். பறவையோ உறங்குவதும் நின்றபடியேதான். அதன் கால் மடங்கும்போது விரல்களை இயக்கும் தசைநாண்கள் இழுபட்டு, விரல்கள் தாமாகவே கொம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆதலினால் உறங்கும் பறவை விழுவதில்லை. கிளியினத்துக்கு இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருப்பதால் அப்பிடி இன்னும் உறுதியானது. இத்தகைய கால், கூட்டுக்குள் ஒரே தடிப்பான, வழுவழுப்பான கோலை இரவும் பகலும் பிடித்திருந்தால் என்ன ஆகும்? பாரம் முழுவதும் பாதத்தின் ஒரே இடத்தில் விழும். அங்கே தோல் சிவந்து மினுங்கும். பின்பு தடித்துப் புண்ணாகும். கிருமி புகுந்தால் எலும்புவரை செல்லும். இந்நோயைத் தீர்ப்பது கடினம், தடுப்பதோ மிக எளிது.

தடுக்கும் வழி கொல்லையிலேயே இருக்கின்றது. கடையில் கூட்டுடன் வரும் உருளைக் கோலையும் பிளாத்திக்குக் குழாயையும் எடுத்துவிட்டு, இயற்கையான மரக்கொம்புகளை வையுங்கள். ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்து, சற்றுக் கோணலாயிருக்கும் கொம்பே நல்லது. பறவை நகரும்தோறும் காலின் பிடி மாறும். விரல்கள் கொம்பை முழுவதும் சுற்றி நகங்கள் ஒன்றோடொன்று முட்டினால் கொம்பு மெலிது; விரல்கள் விரிந்து தட்டையாக நின்றால் கொம்பு பருமன். சுற்றளவின் முக்காற் பங்கு அளவுக்கு விரல் பிடிப்பது நன்று. பட்ஜெரிகருக்கு ஒரு சதமமீற்றர் முதல் ஒன்றரைச் சதமமீற்றர் வரை விட்டமுள்ள கொம்பும், பெரிய கிளிக்கு இரண்டு சதமமீற்றருக்கு மேற்பட்டதும் பொருந்தும். மரம் தேய்க்கும் மணல் ஒட்டிய தாளைக் கோலிற் சுற்றினால் நகம் தேயும் என்று சிலர் செய்வதுண்டு. நகம் தேய்வதற்கு முன் பாதம் தேய்ந்துவிடும்.

எந்த மரத்தின் கொம்பு? கொய்யா மிக நன்று. வேம்பும் புளியும் ஆகும். கிளி கொய்யாப் பட்டையைச் சில நாளில் உரித்துக் கொம்பைத் துருவித் தள்ளிவிடும். அதைக் குறும்பென்று கோபிக்கலாகாது. அலகுக்கு அது வேலை, மனத்துக்கு அது பொழுதுபோக்கு. வேறு கொம்பு வெட்டி வைத்தால் முடிந்தது. அலரியைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். செவ்வலரி, மஞ்சள் அலரி இரண்டும் இலை, பட்டை, விதை யாவும் நஞ்சு, இதயத்தைத் தாக்குவன. மஞ்சள் அலரி விதை எத்தனை மனித உயிரைக் கொண்டது என்பதை நம் வைத்தியசாலைகள் அறியும். பால் வடியும் எருக்கும் கள்ளியும் அவ்வாறே விலக்கத்தக்கன. வன்னியிலே மரஆலைகள் பல. அங்கே கிடைக்கும் முதிரைத் துண்டு அழகாயிருக்கும். ஆனால் முதிரைத் தூள் தச்சரின் தோலையே அரிக்கச் செய்வது. கிளி மரத்தைத் தூளாக்கும் பிராணி என்பதை மறவாதீர்கள். வண்ணமோ, வார்னிஷோ, கறையான் மருந்தோ பூசிய பலகையும் வேண்டாம்.

வயற்கரை மரத்திற் கொம்பு வெட்டுவோர், அண்மையில் மருந்து தெளித்த வயலா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். நெல்லுக்கு அடித்த மருந்து காற்றோடு வந்து பட்டையிற் படிந்திருக்கும். வெட்டிய கொம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிச் சில நாள் கடும் வெயிலிற் காயவைத்த பின்னரே கூட்டில் வைக்கலாம். தீனிச் சட்டிக்கும் தண்ணீருக்கும் நேர்மேலே கொம்பைக் கட்டாதீர்கள்; எச்சம் எங்கே விழுமென்று சொல்ல வேண்டியதில்லை.

இனி விளையாட்டுப் பொருள். புத்தியுள்ள பறவை வேலையின்றி அடைபட்டிருந்தால் தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். ஆகவே விளையாட்டுப் பொருள் ஆடம்பரமன்று. இதிலும் நம்மூர்ப் பொருள்களே சிறந்தவை: சாயம் போடாத பனையோலைப் பின்னல், விளிம்பை மழுக்கிய சிரட்டை, உரிமட்டைத் துண்டு. ஓலையை உரித்தெறிவதில் கிளிக்குள்ள மகிழ்ச்சியைக் கண்டவர்கள் கடைப் பொருளை நாடமாட்டார்கள். சிரட்டையில் துளை போடும்போது, அது தலை புகமுடியாதபடி சிறிதாக, அல்லது தலையும் உடலும் தாராளமாகப் புகுந்து வரும்படி பெரிதாக இருத்தல் வேண்டும். தலை மட்டும் நுழையும் துளைதான் தூக்குக்கயிறாக முடிவது. கீறலுள்ள சலங்கை மணியில் விரல் அகப்படும். முறுக்கவிழ்ந்த கயிற்று நாரும் அப்படியே. நகத்தில் சிக்கியதைப் பறவை இழுக்க இழுக்க அது இறுகி விரலையே அறுத்துவிடும்.

முல்லைத்தீவுக் கரையோர வீடுகளுக்குத் தனியே ஒரு சொல். பழைய வலைத் துண்டையும் தங்கூசியையும் கூட்டிற் கட்டுவது வழக்கமாகவுள்ளது. தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, அறாது. பறவைக்கு அதைவிடப் பொல்லாத கண்ணி வேறில்லை. வலையின் ஈயக்குண்டு அதனினும் கேடு. கிளி ஈயத்தை மென்மையாயிருப்பதால் விரும்பிக் கொறிக்கும். விழுங்கிய துகள் இரைப்பையில் அரைபட்டு, அமிலத்திற் கரைந்து இரத்தத்திற் சேரும். பட்ஜெரிகரின் நிறை முப்பது நாற்பது கிராம்தானே! அரிசிக் குருணை அளவான துகளே அதற்குப் போதும். புதிய கம்பிவலைமேல் பூசிய நாகமும், அதாவது துத்தநாகமும், நஞ்சாகும். அத்தகைய கம்பியை வினாகிரியால் துலக்கி, கழுவி, வெயில் மழையில் சில வாரம் விட்டுவைத்தால் தீங்கு குறையும். எவர்சில்வர் என்று வழங்கும் கறையில் உருக்காயின் அச்சமில்லை. பற்றுவைத்த பழைய மின்கம்பி, உதிரும் பழைய வண்ணம் இவற்றையும் தள்ளிவையுங்கள்.

உலோகத்தைப் பற்றிப் பேசும்போது, வன்னிக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையில் ஓய்ந்தது. நிலத்திற் கிடந்தவை யாவும் அன்றே அகன்றுவிடவில்லை. கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுகள் பலவாக நடந்து வருகின்றது. கூட்டுக்கு மணியாகத் தொங்கவிடலாமென்று பிள்ளைகள் பற்றைக்குள்ளிருந்து பளபளப்பான கோதுகளையும் குழாய்களையும் பொறுக்குவார்கள். வெற்றுத் தோட்டாவாயின் அதிலுள்ள ஈயம் பறவைக்கு ஆகாது. வெற்றானதல்லாவிடின் பிள்ளைக்கே ஆகாது. இன்னதென்று தெரியாத எப்பொருளையும் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பெரியவர்களிடமும் பொலிசாரிடமும் சொல்லும்படி அவர்களைப் பழக்குங்கள். பற்றைக்குள் கொம்பு வெட்டப் போகும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். வீட்டு முற்றத்துக் கொய்யாவே போதும்.

பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கியிருத்தல், இரையைக் கக்குதல், எச்சம் கடும்பச்சையாக அல்லது நீராகப் போதல், கால் தளர்தல், வலிப்பு வருதல் இவை உலோக நஞ்சின் குறிகளாக இருக்கலாம். வேறு நோயிலும் இவை தோன்றுமாகையால் வீட்டு வைத்தியம் செய்து காலம் போக்கவேண்டாம். கூட்டிலுள்ள உலோகப் பொருளை எடுத்துவிட்டு, பறவையை இளஞ்சூடான, இருளான பெட்டியில் வைத்து அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். கதிர்ப்படத்தில் உலோகத் துகள் தெரியும். அதைப் பற்றி வெளியேற்றும் ஊசிமருந்தும் உண்டு. அது கொறித்த துண்டையும் ஒரு கடதாசியிற் சுற்றி உடன் கொண்டுபோனால் வைத்தியருக்கு வேலை இலகுவாகும். விரலில் நூல் சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். ஒருவர் பறவையைத் துணியாற் பொதிந்து மார்பை அழுத்தாமற் பிடிக்க, மற்றவர் சிறு கத்தரிக்கோலால் நூலை வெட்டுக.