நூல் கடைக்கு வரும் வழி

ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவன்று நம் பெயர் அழைக்கப்பட்டதும் மேடையேறி, வண்ணத்தாள் சுற்றிய ஒரு நூலைப் பெற்று வருகிறோம். எழுதியவர் யார் என்று பார்க்கிறோம். பதிப்பகத்தின் பெயரைப் பார்ப்போரும் சிலர் உண்டு. ஆனால் இவ்விருவருக்கும் நமக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். அவர்தாம் புத்தகக் கடைக்காரர். அவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், எத்துணை அரிய நூலாயினும் கிடங்கிலேயே கிடந்து தூசி படிய வேண்டியதுதான். புதிதாக வெளிவரும் அறிவு நூல்களைக் கடைக்காரர் ஏற்கும்படி செய்வது எவ்வாறு என்பதை, புத்தக வணிகம் நன்கு வேரூன்றிய இங்கிலாந்து நாட்டின் அனுபவத்தைக் கொண்டு சிறிது காண்போம்.

நாவலை விற்பது ஒரு வகை. அறிவு நூலை விற்பது வேறு வகை. பெயர் பெற்ற நாவலாசிரியரின் அடுத்த கதை வருகிறது என்றால், சென்ற கதை எத்தனை பிரதிகள் விற்றன என்று பார்த்துக் கடைக்காரர் ஆர்டர் கொடுத்துவிடுவார். வரலாறு, விஞ்ஞானம், பொருளாதாரம், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றில் அப்படியன்று. வாசகர் பெரும்பாலும் ஆசிரியரைத் தேடி வருவதில்லை, பொருளைத் தேடி வருகிறார். ஆகவே கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "இது யாருக்கு? இதை எந்த அலமாரியில் வைப்பது?" என்பதே. தேனீக்களைப் பற்றிய ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். அது உயிரியலா, வேளாண்மையா, தோட்டக்கலையா? தவறான அலமாரியில் நின்றால் தேடி வந்தவர் கண்ணில் அது படாது. கண்ணில் பட்டவருக்கோ அது தேவைப்படாது.

கடைக்காரரின் தயக்கத்தை நாம் குறைகூற முடியாது. அவரிடம் உள்ளவை இரண்டு: சிறிது முதல், சிறிது இடம். ஒரு நூலை வாங்கி வைத்தால் வேறொரு நூலுக்கு இடமில்லை. இத்தயக்கம் எவ்வளவு நியாயமானது, ஆயினும் எவ்வளவு பெரிய நன்மையைத் தடுத்துவிடக் கூடியது என்பதற்கு 1935-இல் நடந்ததே சான்று.

அந்த ஆண்டில் ஆலன் லேன் என்பவர் பெங்குவின் என்ற பெயரில் மெல்லிய அட்டை நூல்களை வெளியிட முனைந்தார். ஒன்றின் விலை ஆறு பென்ஸ். ஏழரை ஷில்லிங், அதாவது தொண்ணூறு பென்ஸ், கெட்டி அட்டை நாவலின் வழக்கமான விலையாக இருந்த காலம் அது. வெளியிட்ட முதல் பத்து நூல்களில் முதல் எண் பெற்றது கதையன்று. கவிஞர் ஷெல்லியின் வாழ்க்கையை ஆந்த்ரே மொர்வா எழுதிய 'ஏரியல்' என்னும் நூல். நாவலுக்கு ஆரஞ்சு, வாழ்க்கை வரலாற்றுக்குக் கருநீலம் என்று அட்டையின் நிறத்தாலேயே இனம் பிரித்திருந்தார். எந்த அலமாரி என்ற கேள்விக்கு அட்டையே விடை சொல்லிற்று.

லேன் தாமே கடை கடையாக ஏறி இறங்கினார். கடைக்காரர்கள் முகம் சுளித்தனர். ஆறு பென்ஸில் தங்களுக்கு மிஞ்சுவது ஓரிரு பென்ஸ் அல்லவா? ஒரு கெட்டி அட்டை நூல் தரும் ஆதாயத்தைப் பெற இவற்றில் எத்தனை கட்டி விற்பது? மலிவு நூல் வந்தால் விலை உயர்ந்த நூலை யார் வாங்குவார்? கணக்குத் தெரிந்தவர்களின் கேள்விகள் இவை. நட்டமில்லாமல் தப்ப, ஒவ்வொரு நூலும் 17,000 பிரதிகளுக்கு மேல் விற்றாக வேண்டும். வந்த ஆர்டர்களோ சராசரி 7,000 அளவிலேயே நின்றன.

இந்நிலையில் லேன் புத்தகக் கடை அல்லாத ஓரிடத்தின் படியேறினார். அது ஊல்வொர்த். ஊசி நூல், கிண்ணம், மிட்டாய் என்று ஆறு பென்ஸுக்கு மேற்படாத பொருள்களை விற்கும் பெருங்கடைத் தொடர். அங்குக் கொள்முதலைக் கவனித்து வந்த கிளிஃபர்ட் பிரெஸ்காட்டுக்கும் இந்நூல்களில் நம்பிக்கை பிறக்கவில்லையாம். அந்நேரம் அவருடைய மனைவி அறைக்குள் வந்தார். மாதிரிகளைக் கையிலெடுத்துப் பார்த்து, இந்த விலைக்கு நான் வாங்குவேனே என்ற பொருள்படப் பேசினார். அதன் பின்னரே காரியம் கூடிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஊல்வொர்த் கொடுத்த ஆர்டர் 63,500 பிரதிகள். தொழிலில் பழுத்தவர்கள் காணாததை, நூலை வாங்கும் நிலையிலிருந்து பார்த்த ஒரு பெண்மணி கண்டார் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமைதான்!

ஓராண்டில் முப்பது இலட்சம் பிரதிகள் விற்றன. மறுத்த கடைக்காரர்களே கேட்டு வாங்கலாயினர். லண்டனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையைக் கிடங்காகக் கொண்டு, தெருவிலிருந்து திருவிழாச் சறுக்குமரம் ஒன்றின் வழியே புத்தகக் கட்டுகளைக் கீழே இறக்கினர் என்றால் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் துணிவில்தான் 1937-இல் அறிவு நூல்களுக்கென்றே பெலிகன் வரிசை தொடங்கியது. இதன் முதற் பதிப்பாசிரியராக அமர்ந்தவர் நம் நாட்டு வி. கே. கிருஷ்ண மேனன் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. முதல் நூல் பெர்னார்ட் ஷா 1928-இல் எழுதியது. தம் மைத்துனி, பெண்களுக்குச் சோசலிசத்தை விளக்கிச் சில குறிப்புகள் கேட்க, அவர் ஒரு பெரும் நூலையே எழுதிவிட்டார். அறிவுள்ள பெண்ணுக்குச் சோசலிசத்தையும் முதலாளித்துவத்தையும் விளக்கும் வழிகாட்டி என்பது தலைப்பின் கருத்து. அதையே விரிவாக்கி இரண்டு தொகுதிகளாகப் பெலிகன் வெளியிட்டது. யாருக்கான நூல் என்பதைத் தலைப்பே சொல்லிவிட்டதால், கடைக்காரரிடம் அதை விளக்குவது எளிதாயிருந்திருக்கும்.

இன்று இவ்வேலை நூல் வெளிவரும் நாளுக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. பதிப்பகம் ஒற்றைப் பக்கத்தில் ஒரு முன்னறிவிப்புத் தாள் தயாரிக்கிறது. தலைப்பு, விலை, பக்க அளவு, வெளியாகும் நாள், பொருட்பிரிவு, நூலுக்குரிய பதின்மூன்று இலக்க எண் ஆகியவற்றோடு, இப்பொருளை எழுத ஆசிரியருக்கு என்ன தகுதி, ஏற்கெனவே உள்ள நூல்களில் இல்லாத எது இதில் உண்டு என்று இரண்டொரு வரியில் சொல்ல வேண்டும். அந்த இரண்டொரு வரிதான் கடினம். விற்பனைப் பிரதிநிதி ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான தலைப்புகளைக் காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. எல்லாவற்றையும் "அருமை, அருமை" என்பவரைக் கடைக்காரர் மறுமுறை நம்புவதில்லை. "இதில் இரண்டு போதும், அதில் இருபது எடுங்கள்" என்று சொல்பவரின் சொல்லுக்கே மதிப்பு.

தாளோடு முன்பிரதிகளும் போகும். சிலவற்றைக் கடைக்காரர்கள் படிப்பர், சிலவற்றை மதிப்புரையாளர்கள் படிப்பர். ஸ்டீபன் ஹாக்கிங் தம் 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' நூல் விமான நிலையக் கடைகளிலும் விற்க வேண்டும் என்று விரும்பி, கல்வி நூல் பதிப்பகத்தை விட்டு, பொதுமக்களிடம் பரவலாக விற்கும் பதிப்பகத்தைத் தேர்ந்தெடுத்தார். 1988-இல் அமெரிக்கப் பதிப்பு வெளிவரும் தறுவாயில், மதிப்புரைக்காக முன்பிரதி பெற்ற விஞ்ஞானி ஒருவர், படங்கள் இடம் மாறியும் தவறான குறிப்புகளுடனும் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டார். பதிப்பகத்தாரோ அச்சிட்ட அத்தனை பிரதிகளையும் திரும்பப் பெற்று அழிக்க முடிவு செய்து, மூன்று வாரம் உழைத்துத் திருத்தி, குறித்த நாளில் கடைக்கு அனுப்பினர். கதையில் பிழை நேர்ந்தால் சுவை கெடும். அறிவு நூலில் பிழை நேர்ந்தால் நம்பிக் கையிலெடுத்தவர் ஏமாறுவார்.

விற்காத பிரதிகளைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாடு இப்போது அந்நாட்டில் உண்டு. கடைக்காரரின் அச்சம் இதனால் குறைந்தது. ஆயினும் வேறொரு கேடு புகுந்தது. வாசலருகே உள்ள மேசையில் நூலை அடுக்கி வைக்க, பதிப்பகங்கள் பெரிய கடைகளுக்குப் பணம் கொடுக்கலாயின. பணம் உள்ள பதிப்பகத்தின் நூல் முன்னே, இல்லாதவரின் நூல் பின்னே. இது நூலை எடுத்துச் சொல்வதன்று, இடத்தை விலைக்கு வாங்குவது. 2011-இல் வாட்டர்ஸ்டோன்ஸ் கடைத் தொடரின் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் டான்ட் இப்பணமே வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, எதை முன்னே வைப்பது என்பதைக் கடைகளின் முடிவுக்கே விட்டார். அதன் பின் திருப்பி அனுப்பப்பட்ட நூல்கள் வெகுவாகக் குறைந்தன. தாம் படித்து நல்லது என்று கண்ட நூலின் கீழே, பணியாளர்கள் தம் கைப்பட மூன்று நான்கு வரி எழுதி ஒட்டிய சிறு அட்டைகளை அக்கடைகளின் அலமாரிகளில் காணலாம்.