பந்தியில் ஓர் இடம்

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கைத்தடி இல்லாமல் நடந்தார். சட்டையைத் தானே மாட்டிக்கொண்டார். பார்த்தவர்கள் எல்லோரும் ‘நல்லாத் தேறிட்டார்’ என்றார்கள். ஆனால் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. காரணம் பெரியம்மாவுக்கு மட்டுமே தெரியும். பந்தியில் நாலு பேர் நடுவே இடது கையால் சாப்பிட அவருக்குக் கூச்சம்.

1965-இல் வெளியான ‘பார்தெல்’ (Barthel) அளவுகோலை மறுவாழ்வு மருத்துவம் இன்றும் பயன்படுத்துகிறது. சாப்பிடுவது, குளிப்பது, படியேறுவது என 10 செயல்கள். எல்லாவற்றையும் தானே செய்தால் 100 மதிப்பெண். பெரியப்பா நூறை நெருங்கியிருப்பார். பந்திக்குப் போனாரா என்று அது கேட்பதில்லை. பக்கவாதத்துக்கென்றே 1999-இல் வந்த வாழ்க்கைத்தர அளவுகோல்தான் மனநிலை, பேச்சு, குடும்பத்தில் பங்கு, வெளிப்பழக்கம் என 12 பகுதிகளாக விசாரித்தது.

பெரியப்பாவுக்கு நேர்ந்ததுபோல மூளையின் இடப்பக்கம் பாதித்தால் உடலின் வலப்பக்கம் செயலிழக்கும். பெரும்பாலோருக்கு மொழியும் இடப்பக்கத்தில்தான் இருப்பதால் பேச்சும் தடுமாறலாம். தண்ணீர் வேண்டும் என்று நினைத்தால் வாயில் வேறு சொல் வரும். வீட்டில் இருக்கும் நாம் உடனே அவருக்காகப் பேசத் தொடங்கிவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனாலும் பேசும் வாய்ப்பு பறிபோகிறது. அந்த ஒரு சொல்லுக்காக அரை நிமிடம் காத்திருப்பதும் சிகிச்சையே.

ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, சேதமாகாத மூளைப் பகுதிகள் இழந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், நின்றுவிடாது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த விரல் பயிற்சிக்குப் பெரியம்மா தினமும் சப்பாத்தி மாவை உருட்டிக் கொடுத்தார். தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி.

மனச்சோர்வைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. பயிற்சிக்கு எழ மறுத்தால் ‘பிடிவாதம்’ என்கிறோம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் ‘சோம்பல்’ என்கிறோம். அது நோய். மருந்தாலும் ஆலோசனையாலும் குறையும். மருத்துவரிடம் கைகாலைப் பற்றிச் சொல்வதுபோலவே இதையும் சொல்ல வேண்டும்.

போன தை மாதம் தங்கை மகள் கல்யாணம். “சோறு திங்க எந்தக் கையானா என்னங்க, கிளம்புங்க” என்று பெரியம்மா வேட்டியை எடுத்து வைத்தார். பந்தியில் அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். இடது கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்தார். காற்றில் இலை தூக்கியபோது வலது கை மெல்ல நகர்ந்து வந்து அதன் ஓரத்தை அழுத்திக்கொண்டது. பரிமாறியவர் வாளியோடு நின்று, “பாயசம் வைக்கட்டுமாய்யா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. பெரியப்பா சொல்லைத் தேடினார். பரிமாறியவரும் காத்திருந்தார்.

“வை” என்றார் பெரியப்பா.