கயிறு சொல்லும் கணக்கு

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு ராட்டினத்தின் குணம் தெரியும். கயிற்றை 1 அடி இழுத்தால் குடமும் 1 அடி ஏறும். கையின் வேகம் எதுவோ, அதுவே குடத்தின் வேகம்.

வீடு கட்டுமிடத்தில் உத்தரத்தை ஏற்றும்போது விஷயம் வேறு. கயிற்றின் ஒரு நுனியை மேலே கட்டிவிட்டு, உத்தரம் தொங்கும் கப்பியின் அடியாக வளைத்து, உயரத்தில் நிலையாயுள்ள மற்றொரு கப்பியின் மேலாக இறக்கி இழுக்கிறார்கள். ஆள் விநாடிக்கு 2 அடி இழுத்தால் உத்தரம் என்ன வேகத்தில் ஏறும்?

சூத்திரத்தை உருப்போட்ட பிள்ளைகள் இங்கே விழிக்கிறார்கள். கயிற்றையே கேட்டால் போதும். கயிறு நீளாது; சுருங்காது. ஆள் பக்கம் வந்த 2 அடியும் உத்தரத்தைத் தாங்கும் இரு புறத்துக் கயிறுகளிலிருந்தே வரவேண்டும். புறத்திற்கு 1 அடி. ஆகவே உத்தரத்தின் வேகம் விநாடிக்கு 1 அடிதான். நான்கு கயிறுகள் தாங்கினால் அரை அடி.

இதில் நஷ்டமொன்றுமில்லை. உராய்வையும் கப்பியின் எடையையும் ஒதுக்கினால், இரு கயிறுகளில் தொங்கும் 100 கிலோ பாரத்திற்கு 50 கிலோ இழுப்பே போதும். பலத்தில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம். பாரமேற்றிய கப்பலை ஆர்க்கிமிடீஸ் கப்பிகளைக் கொண்டு தனியாகவே இழுத்தார் என்கிறார் புளூட்டார்க். அப்படியானால் கப்பல் ஊர்ந்துதான் வந்திருக்கும். அவர் காலடியில் கயிறு மலையாய்க் குவிந்திருக்கும்!

ஏறும்போது உதவும் இக்கணக்கு, நழுவும்போது பழி வாங்கும். உத்தரம் விநாடிக்கு 3 அடி இறங்கினால், இழுப்பவர் கையில் கயிறு 6 அடி வேகத்தில் ஓடி உள்ளங்கையை உரித்துவிடும். பரீட்சைக்காக மட்டுமல்ல, அந்தக் கைகளுக்காகவும் இதை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.