எரிமலைச் சாம்பலில் விளையும் ஒயின்

1730 செப்டம்பர் 1 அன்று லான்சரோட்டே தீவில் நிலம் பிளந்தது. மொராக்கோவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள இந்த ஸ்பானியத் தீவில், எரிமலைச் சீற்றம் 1736 வரை ஓயவில்லை. தானியம் விளைந்த வயல்கள் கருஞ்சாம்பலுக்குள் புதைந்தன. யைசா ஊர்ப் பாதிரியார் லொரென்சோ குர்பேலோ அந்த அழிவைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

ஊரைவிட்டுப் போகாதவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். 'பிக்கோன்' என்று அவர்கள் அழைக்கும், சரளைபோன்ற அந்தக் கருஞ்சாம்பலுக்கு அடியில் இருந்த பழைய மண்ணின் ஈரம் எளிதில் காய்வதில்லை. ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழைதான் என்றாலும், விழும் நீர் சரளையின் இடுக்குகள் வழியே சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. அந்த இடுக்குகள் பெரியவை. அதனால் மண்ணின் ஈரம் அவற்றின் வழியே மேலேறி வெயிலில் ஆவியாக முடிவதில்லை.

ஆனால் லா ஹெரியா பகுதியில் சாம்பல் ஆளுயரத்துக்கும் மேல் கிடந்தது. திராட்சைக் கொடியின் வேர் பழைய மண்ணைத் தொட வேண்டுமே! வாய் அகன்ற குழிகள் வெட்டினார்கள், சில மூன்று மீட்டர் ஆழம் வரை. குழிக்கு ஒன்றிரண்டு கொடிதான். வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றைத் தடுக்க, விளிம்பில் பிறை வடிவில் கல்லடுக்கினார்கள், சாந்து பூசாமல்.

அங்கே விளையும் மால்வசியா திராட்சையின் ஒயினில் எலுமிச்சை வாசனையும் மெல்லிய உப்புச் சாயலும் உண்டு. "எரிமலைப் பாறையின் ருசி" என்பார்கள். அதை நான் ஏற்கவில்லை. பாறைக்கென்று ருசி கிடையாது. வேர் உறிஞ்சும் தாதுக்கள் ஒயினில் பெரும்பாலும் நாக்குக்குத் தெரியாத அளவில்தான் இருக்கின்றன. மணம் பழத்திலும், அதை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டிலும் பிறக்கிறது. நிலம் செய்வது வேறு வேலை. தண்ணீர் அளந்து கிடைப்பதால் பழம் சிறுக்கிறது; சாறோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடுகிறது. கடற்காற்றின் குளிர்ச்சி புளிப்பைக் காக்கிறது. குழி வெட்டாமல், சுவர் எழுப்பாமல் இதில் எதுவும் நடந்திருக்காது. இந்த ருசியில் பாதியாவது மனிதர் போட்டது என்பேன்.

ஹெக்டேருக்குச் சில நூறு கொடிகள்தான். டிராக்டர் நுழைய முடியாது. கவாத்தும் அறுவடையும் கையால்தான். குழிக்குள் சரியும் சரளையை அள்ளி வெளியே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாம்பல் மெலிந்த பகுதிகளில் இப்போது நீளப் பள்ளம் தோண்டி வரிசையாக நடுகிறார்கள். கொடிகள் கூடுதலாகப் பிடிக்கும், உழைப்பும் குறையும். லா ஹெரியாவின் ஆழமான சாம்பலுக்கு அது ஒத்துவராது. அங்கே இன்றும் குழிதான்.