டிஸ்னி வேர்ல்டுல ஒரு டேபிள் பிடிக்கறது எப்படி? (எடிட் செய்யப்பட்ட எபிசோட் உரை)

இந்த எபிசோட்ல கோட் கிடையாது, சாப்பாடு. ஆனா நடுவுல ஒரு டைம்ஸோன் பக் இருக்கு, அதனால நம்ம ஏரியாதான்.

மார்ச் முதல் வாரம் சான் ஹோசேல இருந்து எங்க அக்கா போன் பண்ணா. மே மாசம் அம்மா அப்பாவையும் கூட்டிக்கிட்டு ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டு போறாங்க, மொத்தம் 6 பேர். "டேய், டேபிள் புக்கிங் அங்க காலைல 6 மணிக்கு ஓபன் ஆகுமாம். எனக்கு அது விடியக்காலை 3 மணி. உனக்கு சாயங்காலம்தானே, நீ போட்டுக் குடுத்துடு." அவ பொண்ணுக்கு 6 வயசு. சிண்ட்ரெல்லா கோட்டைக்குள்ள, சிண்ட்ரெல்லா வந்து பேசற அந்த ரெஸ்டாரன்ட்தான் வேணுமாம். வேற எதுவும் வேண்டாமாம்.

முதல்ல விதி என்னன்னு பார்ப்போம். அங்க உட்கார்ந்து சாப்பிடற ரெஸ்டாரன்ட்களுக்கு 60 நாள் முன்னாடி புக்கிங் திறக்கும். 2020-க்கு முன்னாடி இது 180 நாள்! ஆறு மாசம் கழிச்சு ராத்திரி எனக்கு என்ன பசிக்கும்னு எனக்கே தெரியாது. அவங்க ஹோட்டல்லயே தங்கறவங்களுக்கு ஒரு சலுகை உண்டு: செக்-இன் நாளுக்கு 60 நாள் முன்னாடி, தங்கப்போற 10 நாள் வரைக்கும் ஒரே மூச்சுல போட்டுடலாம். இதை நல்லா கவனிங்க. 6 நாள் ட்ரிப்னா, கடைசி நாளுக்கு நீங்க 65 நாள் முன்னாடியே கை வைக்கறீங்க. அந்தத் தேதிக்கு வெளில தங்கறவங்களால இன்னும் தொடவே முடியாது. அதனால கிடைக்கவே கிடைக்காத ரெஸ்டாரன்ட்டை ட்ரிப்போட கடைசில வைக்கணும்.

இது தெரிஞ்சும் நான் சொதப்பினேன். அக்கா போன் பண்ணப்போ அங்க காலை 6-ன்னா இங்க சாயங்காலம் 4:30. அலாரம் வெச்சேன். மார்ச் ரெண்டாவது ஞாயிறு அமெரிக்கால கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க. அதுக்கப்புறம் காலை 6-ன்னா நமக்கு 3:30. நான் ஃப்ரெஷ்ஷா காபியோட உட்கார்ந்தப்போ அங்க 7 மணி. கோட்டைல அவங்களுக்குத் தோதான ஸ்லாட் எதுவும் இல்ல. ஆபீஸ்ல யுடிசி, யுடிசின்னு கத்தறவன் நான்தான். வேற வழியில்லாம, மிக்கி மவுஸ் டேபிளுக்கு வர்ற செஃப் மிக்கீஸ்ல ஒரு சாயங்காலம் 5:30 ஸ்லாட் போட்டு வெச்சேன்.

புக் பண்ணும்போது கார்டு நம்பர் கேட்கும், ஆனா பெரும்பாலான இடத்துல காசு எடுக்காது. கார்டு ஒரு உத்தரவாதம் மட்டும்தான். வராம விட்டாலோ, லேட்டா கேன்சல் பண்ணாலோ ஆளுக்கு 10 டாலர். 6 பேர்னா 60. ஒருத்தர் போய் சாப்பிட்டாலே போதும், மத்தவங்களுக்குப் பிடிக்க மாட்டாங்க. ஹூப்-டீ-டூ மாதிரி டின்னர் ஷோக்களுக்கு மட்டும் முழுப் பணமும் முன்னாடியே கட்டணும். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் மாதிரி பெரிய இடத்துல இந்த 10 டாலர் கணக்கே செல்லாது, அது வேற லெவல்.

எதுக்கு இந்த ஃபீ? இலவசமா இருந்தா ஜனங்க ஒரே ராத்திரிக்கு மூணு இடத்துல போட்டு வெச்சுட்டு, அன்னிக்கு மூடு எப்படியோ அங்க போவாங்க. மீதி ரெண்டு டேபிள் காலி. காலியா போன 7 மணி டேபிளை அடுத்த நாள் விக்க முடியாது. ஃப்ளைட் கம்பெனிகள் இதுக்கு ஓவர்புக்கிங் பண்ணும். ஆனா பசியோட இருக்கற 4 வயசுக் குழந்தைகிட்ட "அடுத்த ஃப்ளைட்ல போங்க"ன்னு சொல்ல முடியாதே. 2013-ல இருந்து இந்த ஃபீயை கிட்டத்தட்ட எல்லா டேபிள் ரெஸ்டாரன்ட்டுக்கும் கொண்டு வந்தாங்க.

அபராதம் எப்பவும் வேலை செய்யும்னும் நம்பிடாதீங்க. இஸ்ரேல்ல ஹைஃபாங்கற ஊர்ல குழந்தைகள் காப்பகங்கள்ல, லேட்டா வர்ற பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தாங்க. லேட் அதிகமாயிடுச்சு! காசு கட்டறோம்ல, அப்புறம் என்ன குற்ற உணர்ச்சின்னு ஆயிடுச்சு. 2000-ல வந்த பிரபலமான ஆய்வு அது. டிஸ்னிலயும் 40 டாலரை ட்ரிப் செலவுல ஒண்ணா நினைச்சுட்டு ரூம்ல படுத்துத் தூங்கறவங்க இருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

இதுல நமக்கு லாபம் எங்கன்னா, அந்தக் கெடு நேரத்துல. முன்னாடி 24 மணி நேரத்துக்கு முன்ன கேன்சல் பண்ணணும். அப்புறம் பெரும்பாலான இடத்துல அதை 2 மணி நேரமா குறைச்சுட்டாங்க. ஃபீயைத் தவிர்க்க ஜனங்க எப்ப கேன்சல் பண்ணுவாங்க? கெடு முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அப்ப டேபிள் எப்ப வெளில வரும்? அதே நேரம். முன்னாடி முந்தின நாளே தேடணும், இப்ப அன்னிக்கே தேடணும்.

அக்காகிட்ட இதைத்தான் சொன்னேன். அவ சந்தேகத்தோடதான் கேட்டுக்கிட்டா. அன்னிக்குக் காலைல பார்க்ல க்யூல நின்னுக்கிட்டு ஆப்பை ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்திருக்கா. 9:30-க்குக் கொஞ்சம் முன்னாடி கோட்டைல 11:40 லன்ச், 6 பேருக்கு. தட்டிட்டா.

மதியம் அங்க 3 மணி, இங்க ராத்திரி 12:30. போன் அடிக்குது. "டேய், அந்த மிக்கி டேபிளை கேன்சல் பண்ணிட்டியா?" நான் அவ பண்ணிட்டான்னு நினைச்சேன், அவ நான் பண்ணிட்டேன்னு நினைச்சிருக்கா. 3:30-க்கு மேல போனா 60 டாலர். அரைத் தூக்கத்துல பாஸ்வேர்டை ரெண்டு தடவை தப்பா போட்டு, 3:21-க்கு கேன்சல் பண்ணினேன்.

யாரோ ஒரு குடும்பத்துக்கு அந்த 5:30 ஸ்லாட் போயிருக்கும்.